பதினான்காம் இலக்கக் குஞ்சு

குறிப்பேட்டில் நான் எழுதிய பொய் ஒரேயொரு சொல். "சரி." காலை 8 மணிக்குரிய கட்டத்திலும் 10 மணிக்குரிய கட்டத்திலும் அதை எழுதினேன். அந்த இரண்டு நேரமும் நான் ஆய்வுகூடத்தில் இல்லை. பத்தரைக்கு உள்ளே போனபோது, பதினான்காம் இலக்கக் குஞ்சின் வலது கண்ணில் இருக்க வேண்டிய மூடி கூட்டின் மரத்தூளுக்குள் கிடந்தது. குஞ்சு இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றது. மூடியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். கையைக் கழுவினேன். பிறகு கதிரையில் இருந்து, பேனையை எடுத்து, இரண்டு கட்டத்தையும் நிரப்பினேன்.

அது 2004. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணிப் படிப்புக்காகப் போயிருந்தேன். எந்த நாடு, எந்த ஆய்வுகூடம் என்று சொல்லமாட்டேன். அவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள், பிழை என்னுடையது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் பற்றி இருபது வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் பிறகு என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குஞ்சுகளுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும்.

முட்டையிலிருந்து வந்து ஒரு சில நாளான குஞ்சுகள் பெட்டியில் வரும். காலில் இலக்கம் கட்டுவோம். கண்ணைச் சுற்றியுள்ள பூஞ்சிறகில் வெல்குரோ வளையம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் பால்வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்த சின்னக் கிண்ணம் போன்ற மூடியை மாட்டுவோம். ஒரு கண்ணுக்கு மட்டும். மற்றக் கண் திறந்தே இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. மூடிக்குள்ளால் வெளிச்சம் போகும், உருவம் போகாது. பனி படிந்த யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்ப்பது போல. ஒரு கிழமை, பத்து நாள் கழித்து மூடியைக் கழற்றி அளந்தால், அந்தக் கண் மற்றக் கண்ணைவிட நீண்டிருக்கும். நீண்டால் வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். தூரத்திலுள்ளது தெரியாது. பாடப்புத்தகத்தில் குறும்பார்வை என்றும் வீட்டில் கிட்டப்பார்வை என்றும் சொல்வது இதைத்தான். கண்ணாடிக் கடைக்காரர் வெறுமனே "மைனஸ்" என்பார்.

கோழிக்குஞ்சில் இதை முதலில் காட்டியவர் நியூயோர்க்கின் ஜோஷ் வால்மன். 1978இல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைதான் என் மேற்பார்வையாளர் முதல் நாள் என் கையில் தந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1977இல், டோர்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் குரங்குக்குட்டிகளில் அதே விஷயத்தைக் கண்டிருந்தார்கள். கண்ணிமையைத் தைத்து மூடி வளர்த்தால் மூளை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது வீசலின் நெடுநாள் வேலை. பார்வை பற்றிய அவருடைய ஆய்வுகளுக்கு 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தத் தைத்த கண்கள் நீண்டு வளர்ந்திருப்பது அந்த வேலையின் ஓரத்தில் தட்டுப்பட்டது. அதே 1977இல் மரமூஞ்சூறிலும் இதைக் கண்டார்கள். பிறகு மார்மோசெட் குரங்கு, கினிப்பன்றி, சுண்டெலி. பறவையோ பாலூட்டியோ, வளரும் வயதில் தெளிவான உருவம் கிடைக்காவிட்டால் கண் நீள்கிறது. மனிதக் குழந்தையிலும் அப்படித்தான். பிறவியிலேயே இமை தொங்கி கண்ணை மறைத்த பிள்ளைகளிலும், கண்ணில் வெண்புரையோடு பிறந்த பிள்ளைகளிலும் அந்தக் கண் நீண்டிருப்பதை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

என்னைப் பிடித்து வைத்தது அதற்குப் பிறகு வந்தவை. மூடியை முழுக்க மூடாமல் பாதிக்கு மட்டும் வைத்தால், விழித்திரையின் அந்தப் பாதிக்குப் பின்னால் உள்ள சுவர் மட்டும் நீள்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டாலும் நீள்கிறது. அப்படியானால் மூளையைக் கேட்காமல் கண் தானாகவே தீர்மானிக்கிறது. 1988இல் ஃபிராங்க் ஷேஃபல், கிளாசர், ஹவுலண்ட் மூவரும் மூடிக்குப் பதிலாக வில்லை மாட்டிப் பார்த்தார்கள். மைனஸ் வில்லை மாட்டினால் உருவம் விழித்திரைக்குப் பின்னால் தள்ளிப் போகும். கண் அதை எட்டிப் பிடிக்க நீள்கிறது. பிளஸ் வில்லை மாட்டினால் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. குஞ்சின் கண்ணுக்குள் ஒரு தச்சன் இருந்து, ஒவ்வொரு நாளும் அளந்து அளந்து பலகை போடுகிறான் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதம் இன்னும் கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

மூடி விழுந்தால் என்ன என்று இனித்தான் விளங்கும். அந்தத் தச்சன் மணித்தியாலத்தை எண்ணிக் கூட்டிக் கழிப்பதில்லை. பத்து மணித்தியால மங்கலும் இரண்டு மணித்தியாலத் தெளிவும் அவனுக்கு ஐந்துக்கு ஒன்று இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேயே அளந்து பார்த்திருந்தார்கள்: நாள் முழுக்க மூடியோடு இருக்கும் குஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் மூடியைக் கழற்றி விட்டால், கண் நீளாமல் பெரும்பாலும் நின்றுவிடும். தெளிவான பார்வைக்கு அவ்வளவு பலம். அதனால்தான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கூடாகப் போய்ப் பார்த்து, மூடி இருக்கிறதா விழுந்ததா என்று எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. விழுந்தால் நேரத்தோடு எழுத வேண்டும். குறித்த அளவுக்கு மேல் விழுந்து கிடந்தால் அந்தக் குஞ்சைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். குஞ்சுகள் காலால் சொறிந்து மூடியைத் தள்ளிவிடும். அது பிழையல்ல. எழுதாமல் விட்டால்தான் பிழை.

அந்தக் கிழமை மூன்று காலை நான் நித்திரையாகிவிட்டேன். காரணம் தேடினால் கிடைக்கும், ஆனால் தேடப்போவதில்லை. மூன்று குஞ்சுகளின் மூடி விழுந்து கிடந்தது. மூன்றுக்கும் "சரி" என்றே எழுதினேன். பதினான்கு முதலாவது என்பதால் அதன் இலக்கம் மட்டும் மனதில் நிற்கிறது.

அவை புதிய மருந்து ஒன்று கொடுத்துப் பார்த்த குழுவில் இருந்தவை. கடைசி நாள் அளந்தபோது அந்த மூன்றின் மூடிய கண்ணும் மூடாத கண்ணும் ஏறக்குறைய ஒரே நீளம். மருந்து வேலை செய்கிறது போல ஒரு தோற்றம் வந்தது. மேற்பார்வையாளர் குறிப்பேட்டைப் புரட்டி, "மூடி ஏதும் விழுந்ததா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார். எனக்குப் பின்னால் வந்த மாணவன் அதே பரிசோதனையைப் புதிய குஞ்சுகளில் திரும்பச் செய்தான். மூன்று மாதம். ஒன்றும் வரவில்லை. அந்த முடிவு எங்கும் அச்சாகவில்லை என்பதால் வெளியில் யாரையும் அது ஏமாற்றவில்லை. ஆனால் அவனுடைய மூன்று மாதமும், அந்தப் புதிய குஞ்சுகள் அத்தனையும் என் கணக்கில் இருக்கின்றன. பரிசோதனை முடிந்தால் மயக்க மருந்தின் அளவைக் கூட்டிக் குஞ்சுகளை முடிப்போம். நானே ஊசி போட்டிருக்கிறேன். உள்ளங்கையில் அந்தச் சூடு மெல்ல ஆறும். பிள்ளைகளின் கண்ணுக்காகத்தான் என்று ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லும் உரிமை பொய் எழுதிய ஒருத்திக்கு இல்லை.

2006இல் கொழும்புக்குத் திரும்பினேன். அடுத்த வருடம் கலியாணம். ஆய்வு என்ற பேச்சை விட்டுவிட்டாலும் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் விடவில்லை. 2008இல் சிட்னியிலிருந்து கத்ரின் ரோஸ், இயன் மோர்கன் குழுவின் ஆய்வுகள் வந்தன. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதுக்காரரை, ஒப்பிட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் 29.1 வீதத்தினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 வீதத்தினருக்குத்தான். பெற்றோரின் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய வித்தியாசம் வேறொன்றில்: சிட்னிப் பிள்ளைகள் கிழமைக்கு ஏறக்குறைய 14 மணித்தியாலம் வெளியில் நின்றார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணித்தியாலம்.

2009இல் ஷேஃபலின் ஆய்வுகூடம் அதைக் குஞ்சிடம் கேட்டது. மூடி மாட்டிய குஞ்சுகளைச் சாதாரண அறை வெளிச்சமான 500 லக்ஸில் வளர்க்காமல், நாளுக்குச் சில மணித்தியாலம் 15,000 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்தார்கள். மூடி கழற்றவேயில்லை. ஆனாலும் வரவேண்டிய கிட்டப்பார்வையில் பாதிக்கு மேல் குறைந்தது. நாளில் 15 நிமிடம் மட்டும் மூடியைக் கழற்றிய குஞ்சுகளிலும், அந்த 15 நிமிடத்தை அறைக்குள் கழித்ததைவிட வெயிலில் கழித்ததற்குப் பலன் கூட இருந்தது. பிரகாசமான வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற இரசாயனம் சுரப்பது கூடுகிறது. மூடிய கண்ணில் டோபமின் குறைகிறது என்பதை 1989இலேயே கண்டிருந்தார்கள். டோபமினின் வேலையை மருந்தால் தடுத்தால் வெளிச்சத்தின் காப்பும் போய்விடுகிறது என்று 2010இல் காட்டினார்கள்.

மகள் பிறந்தது 2009இல். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அந்தக் கட்டுரையுமாக, எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து அதை வாசித்தேன். யன்னல் திரைச்சேலை மூடியிருந்தது.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வாசலில் இறங்கி மேற்கே நடந்தால் ஐந்து நிமிடத்தில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். கொழும்பு ஏழு பாகை அட்சரேகையில் இருக்கிறது. வருடம் முழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலப் பகல். சிங்கப்பூர்ப் பிள்ளைக்குக் கிடைப்பதும் இதே பகல்தான். அதை வைத்திருந்தும் உள்ளே இருந்தார்கள் என்பதைத்தான் 2008இல் வாசித்தேன். வாசித்த நானும் உள்ளேயே வைத்திருந்தேன்.

வைத்ததற்கான காரணத்தை மழுப்பாமல் சொல்கிறேன். மகள் என்னைவிட வெளுப்பாகப் பிறந்தாள். "வெயிலுக்க நிக்காத பிள்ளை, கறுத்துப் போவாய்." இதைச் சொன்னது மாமி இல்லை. என்னுடைய அம்மாவும் இல்லை. நான்தான். மூன்று வயதிலிருந்து சொன்னேன். கடற்கரைக்கு ஆறு மணிக்குப் பிறகு, வெயில் போன பின்னர்தான் கூட்டிக்கொண்டு போவேன். கோயிலுக்குப் போனாலும் குடை. நாலு வயதில் நடன வகுப்பு, மண்டபத்துக்குள். ஐந்து வயதில் ஆங்கிலம், ஒருவரின் வீட்டு முன்னறைக்குள். ஏழு வயதில் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு தொடங்கியது. மூன்று வருடம் முன்னாலேயே. அந்தப் பரீட்சையை வைத்துத்தானே எங்களுக்குள் ஒருவரையொருவர் அளக்கிறோம். என் வருமானமும் அந்த அளவையிலிருந்துதான் வருகிறது.

நான் வளர்ந்தது அப்படியில்லை. ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணீர் குடித்ததும் தெருவுக்கு இறங்கினால், சாந்த லூசியா பேராலயத்து மணி கேட்டுத்தான் வீடு திரும்புவோம். கண்ணாடி எனக்குத் தேவைப்படவில்லை. அதை வெயில்தான் தந்தது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒழுங்கை எனக்குக் கிடைத்தது, என் பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை.

மனம் குத்தும்போது ஒரு சாட்டு வைத்திருந்தேன். படித்தவளின் சாட்டு. கோழியின் கண் வேறு, அதன் சுவரில் குருத்தெலும்பு இருக்கிறது, நம் கண் சுவரில் இல்லை. மூடி மாட்டி உண்டாக்கும் கிட்டப்பார்வையும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருவதும் ஒன்றேதான் என்று யாரும் நிறுவவில்லை. இரண்டும் உண்மை. மேற்பார்வையாளர் அடிக்கடி சொல்லித் தந்த எச்சரிக்கைதான். ஆனால் ஆய்வில் அது மேலும் தேடச் சொல்லும் எச்சரிக்கை. நானோ தேடாமல் இருப்பதற்கு அதை எடுத்துக்கொண்டேன். 2012இல் ஹூஸ்டனில் ஏர்ல் ஸ்மித் குழு பிரகாசமான வெளிச்சம் குரங்குக்குட்டிகளையும் காக்கிறது என்று காட்டியது. குரங்கின் கண்ணில் குருத்தெலும்பு இல்லை. அதையும் படித்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது.

2015இல் சீனாவின் குவாங்சோவில் பிள்ளைகளிடமே செய்த ஆய்வு வந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில், அப்படி விட்ட பள்ளிக்கூடங்களில் 30.4 வீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, விடாத பள்ளிக்கூடங்களில் 39.5 வீதத்தினருக்கு. நாற்பது நிமிடம் மட்டும். தாய்வான் அதற்கு முன்பே, 2010இலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் விடச் சொல்லத் தொடங்கியிருந்தது.

2017இல், மகளுக்கு எட்டு வயதில், கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள் என்று வகுப்பாசிரியர் சொல்லியனுப்பினார். பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25. கண்ணாடிக் கடையிலிருந்து வரும் வழியிலேயே கணவரிடம் சொன்னேன், "உங்கட வீட்டுக் கண்." அவர் பன்னிரண்டு வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் வாய்ப்புக் கூடிய பிள்ளையை இன்னும் கவனமாக வெளியில் விட்டிருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்ததே. அதைச் சொல்லாமல் அவரைக் குற்றவாளியாக்கினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு மகளின் பக்கத்தில் இருந்து, கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

2019இல் 2.75. 2021இல் 4.75. போன வருடம் 6.25. ஆறு டயொப்டரைத் தாண்டினால் வைத்தியர்களின் முகமே மாறுகிறது. நீண்ட கண்ணின் சுவரும் விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். விழித்திரை கழன்றுவிடும் ஆபத்து, பிற்காலத்தில் கண் அமுக்கநோய் வரும் ஆபத்து எல்லாம் கூட. கண்ணாடி உருவத்தைத் திருத்தும், நீண்ட கண்ணைக் குறுக்காது. அவள் வாழ்நாள் முழுக்க வருடாவருடம் விழித்திரையைக் காட்ட வேண்டும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தம் அம்மாவின் வீட்டு யன்னலை அதிர வைத்தது. அதன் பிறகு பல மாதம் பிள்ளையை வெளியில் விடவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. படிப்பும் ஃபோனுக்குள் வந்தது. சொந்தக்காரர் யாராவது மகளின் கண்ணைப் பற்றிக் கேட்டால் இந்த இரண்டையும் சொல்வேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், கொழும்பில் அந்த நாட்களை எல்லோரும் அனுபவித்தார்கள். ஆனால் கண்ணாடி வந்தது 2017இல். வெளியில் நிற்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்கத்தான் நன்றாக உதவுகிறது, வந்த பிறகு கூடாமல் நிறுத்துவதில் அதன் பலன் குறைவு. அப்படியானால் என் பிள்ளைக்குத் தேவையாக இருந்த காலம் 2012இலிருந்து 2017 வரை. அந்த ஐந்து வருடத்தில் யுத்தம் இல்லை, குண்டு இல்லை, ஊரடங்கு இல்லை. தெரு திறந்து கிடந்தது.

போன வருடம் 6.25 என்று கேட்டு வந்த கிழமை, தெரிந்த ஒருவரிடம் லக்ஸ் மானி ஒன்றை இரவல் வாங்கினேன். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு காலையும் கூட்டின் நான்கு மூலையிலும் வைத்து அளந்த அதே மாதிரிக் கருவி. காலை பத்து மணிக்கு மகளின் படிப்பு மேசையில் வைத்தேன். 140. மின்விளக்கைப் போட்டேன். 310. நான் சனி ஞாயிறு பாடம் நடத்தும் மண்டபத்துக்கு எடுத்துப் போனேன். வீதிச் சத்தம் வராமல் இருக்க யன்னலைப் பலகையால் அடைத்திருக்கிறார்கள், டியூப் லைட் வெளிச்சம் மட்டும். முன்வரிசையில் 260, பின்வரிசையில் 120. பிறகு கடற்கரைப் பக்கம் இறங்கி, மர நிழல் ஒன்றுக்குள் நின்று அளந்தேன். 9,000. நிழலுக்குள்ளேயே. வெயிலில் நிற்கவே தேவையில்லை. ஒரு அடி வெளியே கையை நீட்டினேன். 80,000ஐத் தாண்டியது.

அந்த நிழலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அவள் கறுத்திருக்கவும் மாட்டாள். அப்படி நினைத்த பிறகுதான், கறுத்திருந்தால் என்ன என்ற கேள்வி எனக்கு வந்தது. இந்த வரிசையில் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் மண்டபத்தில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விஞ்ஞானம் முடிய அதே கதிரையில் கணிதம். அவர்களுக்குக் கண் பாடம் எடுத்திருக்கிறேன். குறும்பார்வை என்றால் என்ன, திருத்துவதற்கு எந்த வில்லை, கதிர்ப்படம் வரைக. எத்தனையோ வருடம் இதையே சொல்லிக்கொடுத்தும், கண் ஏன் நீள்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பரீட்சையில் வராது. முன்வரிசைக்கு இடம் கேட்டு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது நடு நேரத்தில் அரை மணித்தியாலம் வெளியில் விடுகிறேன். பக்கத்து வளவில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, வீட்டுக்காரரைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு தாய் ஃபோனில் சொன்னார், "ரீச்சர், பிள்ளை வெயிலால கறுத்து வாறாள்." அவருக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் குரலையே திரும்பக் கேட்டது போல இருந்தது. பிறகு என் மகளின் கண்ணாடி இலக்கத்தைச் சொன்னேன். அவர் பிள்ளையை நிறுத்தவில்லை.

பழைய மேற்பார்வையாளருக்கும் எழுதினேன். மூன்று குஞ்சு, மூன்று காலை, எந்தக் குழு என்று ஞாபகத்தில் உள்ளதெல்லாம். இரண்டு நாளில் பதில் வந்தது. அவர் ஓய்வுபெற்றுவிட்டார். கோபப்படவில்லை, மன்னிக்கவும் இல்லை. திகதி நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார், பழைய குறிப்பேட்டில் திருத்தி வைப்பதற்காக. எனக்கு நினைவில்லை என்று எழுத வேண்டியிருந்தது.

மகளுக்குச் சொன்னது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேசையில் இருந்து சொன்னேன். மூடி, தச்சன், 15 நிமிட வெயில், நான் வாசித்த கட்டுரைகள், அவளுக்கு மூன்று வயதில் நான் சொன்ன வசனம், எல்லாம். அவளுக்குப் பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கழற்றினால் என் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. அழுவாள் என்றோ ஏசுவாள் என்றோ எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் வாங்கியிருப்பேன். அவள் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பதினான்காம் இலக்கக் குஞ்சு," என்றாள். "மூடி எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தது அம்மா?"

"தெரியாது பிள்ளை," என்றேன். "நான் அங்க இருக்கேல்ல."